சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானத்தில் எவ்வளவு தொலைவு, எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். மிகக் குறுகிய வழியில் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். பயணம் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டியது. உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அவை ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு செல்லும். ஆயினும் விமானங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பின்பற்றுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்று பின்னிருந்து தள்ளும்போது, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சற்றுச் சுற்றிச் செல்வதே நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும். கடிகாரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்: கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவில் புறப்பட்டவர் அங்கே காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடுவார், உடம்புக்கோ அது மாலைப் பொழுது.