நீல விளக்கில் எல்லாம் அழகுதான்

கேள்வி: ஆசிரியர் ஐயா, கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் பக்கம் ராத்திரியில் நீல விளக்கும் புகையும் போட்டு ஆற்றங்கரையை எவ்வளவு அழகாக்கிவிட்டார்கள்! கிள்ளான் ஆறு ஒருவழியாகத் திருந்திவிட்டதா?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: திருந்துவதற்கு ஆறு என்ன குடித்துவிட்டா திரிந்தது? 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளிகளைச் சுமந்து வந்தது அந்த ஆறுதான். கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்துக்கு மேல் படகு போகாததால் இறங்கி, வெள்ளீயம் தோண்ட அம்பாங்குக்கு நடந்தார்கள். இறங்கிய இடத்தில் கோலாலம்பூர் என்ற ஊர் முளைத்தது. முளைத்த ஊர் வெள்ளீயம் தோண்டிய மண்ணையெல்லாம் ஆற்றிலேயே விட்டது. படுகை மேடானால் தண்ணீர் எங்கே போகும்? கடைவீதிக்குத்தான். 1926இல் ஊர் முங்கியபிறகு ஆற்றை நேராக்கிக் கரை கட்டினார்கள். 1971 ஜனவரியில் மறுபடியும் முங்கியது. 2007இல் 9.7 கிலோமீட்டருக்கு ஸ்மார்ட் சுரங்கம் வந்தது, வெள்ள வடிகாலும் கார் சாலையும் ஒன்றாக. பெருவெள்ளம் என்றால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். கோலாலம்பூரில் கார் ஆற்றுக்கு வழிவிடும் ஒரே சாலை அதுதான்.

சரி, விளக்குக்கு வருகிறேன். பகலில் எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து எட்டிப் பாருங்கள். இரண்டு சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே தே தாரிக் பால் தேநீர் நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு போத்தல், ஒற்றைச் செருப்பு. 2017இல் போட்ட நீல விளக்கு இதையெல்லாம் மறைக்கிறது என்றால், எனக்கும் நாலு விளக்கு வேண்டும். நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொடுப்பேன். பொருளாளர் கணக்கறிக்கை வாசிக்கும்போது புகையை விட்டால் போதும், கேள்வி கேட்க எழுந்தவருக்கு மேடையே தெரியாது. நாற்காலியை விட்டு இறங்காத தலைவர் அந்த வெளிச்சத்தில் தியாகி மாதிரி இருப்பார். கோழி தீர்ந்துபோய் ரசம் மட்டும் மிஞ்சிய கடைசிப் பந்திக்கும் ஒன்று மாட்டலாம்.

நம் கவிஞர்களுக்கு மட்டும் விளக்கே தேவையில்லை. அவர்கள் ஆற்றைப் பார்ப்பதே இல்லை. எனக்கு வரும் கவிதைகளில் காவிரி புரள்கிறது, வைகை வறள்கிறது, பொருநை சிரிக்கிறது. அனுப்புகிறவர்கள் கிள்ளான்காரர்கள், ஷா ஆலாம்காரர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்களே, வீட்டுக்குள் புகுந்தது காவிரித் தண்ணீரா? இதை மேடையில் கேட்டதிலிருந்து ஒரு கவிஞர் என்னோடு பேசுவதில்லை. கவிதை மட்டும் தவறாமல் அனுப்புகிறார். கடைசியாக வந்தது தாமிரபரணி, எட்டுப் பக்கம்.