அறுவைக்குப் பின் மீண்டும் காலுக்கு இறங்கும் வலி

ஐயா, வணக்கம். கீழ்முதுகில் எல்4, எல்5 முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டில் செய்த அறுவைக்குப் பின் பல மாதங்கள் நலமாக இருந்து, குறுவை நடவுக்கு வயலில் இறங்கியது முதல் இடுப்பிலிருந்து இடக்காலின் பெருவிரல் வரை மீண்டும் சுண்டி இழுப்பதாக எழுதியிருந்தீர்கள்.

வலியற்ற காலத்துக்குப் பின் பழைய வழியிலேயே திடீரென வலி இறங்கினால், அதே வட்டு மறுபடியும் பிதுங்கியிருக்கக்கூடும். நரம்பைச் சுற்றி வளரும் தழும்புத் திசுவும் இதே வலியைத் தரும் என்றாலும், அது பெரும்பாலும் படிப்படியாகவே கூடும். கடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பு பளிச்சிடும், புதிதாகப் பிதுங்கிய வட்டு பெரும்பாலும் பளிச்சிடாது. சாதாரணப் படத்தோடு நின்றுவிடாமல் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். வட்டு என்றால் மறு அறுவை பலன் தரலாம், தழும்புக்கு மட்டும் மீண்டும் கத்தி வைப்பது அரிதாகவே உதவும் என்பதால், இது தெளியாமல் யார் சொன்னாலும் அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மருந்தைத் திடீரென நிறுத்த வேண்டாம். வரப்பில் நடக்கலாம், குனிந்து நாற்றுமுடி தூக்கித் திரும்புவதை இந்தப் போகத்துக்கு ஆள்வைத்துச் செய்யுங்கள்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ காத்திராமல், திருவையாற்றிலிருந்து அன்றே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.