வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: வால்வுக்காரர் கிடைப்பாரா?

கேள்வி: எங்கள் அம்மணி எம்.டி. முடித்துவிட்டு, டாக்டர்களுக்கான பிரிட்டன் பரீட்சையான எம்.ஆர்.சி.பி. எழுதுகிறாள். எழுத்துத் தேர்வெல்லாம் ஆயிற்று. பேசஸ் என்று நோயாளியை நேரில் பார்க்கும் பரீட்சைதான் பாக்கி. இடம் கிடைக்காமல் எந்த நாட்டுக்குப் போவது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். கோயமுத்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? இங்கேயே ஒரு மையம் திறந்தால் என்னங்க?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: திறக்கலாம். கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் கோவையில் பஞ்சமில்லை. பஞ்சம் வருவது நோயாளிக்குத்தான். ஓ.பி. வாசலில் அத்தனை கூட்டம் நிற்கிறதே என்பீர்கள். அந்தக் கூட்டம் இதற்கு உதவாது. ஓய்வுக்கு முன்னால் வேறொரு ஊரில் இந்தப் பரீட்சைக்கு நோயாளி திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டதைச் சொல்கிறேன்.

லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய மூன்று ஊர் ராயல் காலேஜ்களும் சேர்ந்து நடத்தும் பரீட்சை இது. ஒரு காலத்தில் அங்கேயும் நம் எம்.டி. மாதிரிதான்: ஒரு நோயாளியை விரிவாகப் பார்க்கும் லாங் கேஸ், சிலரைச் சுருக்கமாகப் பார்க்கும் ஷார்ட் கேஸ், அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் நம் பாடு அதோகதி. 2001இல் அதை எடுத்துவிட்டு பேசஸைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷன் என்று ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் 20 நிமிஷம், நடுவில் 5 நிமிஷ இடைவெளி. ஸ்டேஷனுக்கு ஒருவராகப் பரீட்சை எழுதும் ஐந்து பேரும் மணி அடித்ததும் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர வேண்டும். 2023இல் மாற்றிய முறைப்படி இந்த ஐந்துக்குள் எட்டுச் சந்திப்புகள். நுரையீரல், வயிறு, இதயம், நரம்பு என நாலு. நோயாளியிடமோ வீட்டாரிடமோ பேசிப் புரியவைப்பது இரண்டு. விசாரித்து, பரிசோதித்து, என்ன செய்யலாம் என்று சொல்வது இரண்டு. ஸ்டேஷனுக்கு இரண்டு தேர்வாளர், ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக மார்க். ஆக ஒரே நேரத்தில் பத்துத் தேர்வாளர்கள் வேண்டும். கொஞ்சம் பேர் பிரிட்டனிலிருந்து வருவார்கள், மற்றவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள்.

இதெல்லாம் பணமும் கடிதப் போக்குவரத்தும் இருந்தால் நடந்துவிடும். நோயாளிக்கு வருவோம்.

பரீட்சைக்கு வருகிற நோயாளிக்கு வியாதி இருக்க வேண்டும், ஆனால் வியாதிக்காரராக இருக்கக் கூடாது. மண்ணீரல் நாலு விரல் கீழே தட்டுப்பட வேண்டும். அவரோ காலையில் தெம்பாக இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். இன்று கேட்கிற இதய முணுமுணுப்பு அடுத்த மாதம் பரீட்சை நாளிலும் கேட்க வேண்டும். ஒரே வயிற்றை நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் அமுக்கினால் யார் தாங்குவார்? ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு மூன்று பேராவது கைவசம் இருந்தாக வேண்டும்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. பவானிப் பக்கத்து ஜமக்காள நெசவாளி ஒருவர், வலது நெஞ்சில் நீர். விரலால் தட்டினால் கல் மேல் தட்டுகிற மாதிரி இருக்கும், பாடப் புத்தகத்தில் போடலாம். ஆள் தப்பிவிடக் கூடாதே என்று முந்தின நாளே வார்டில் படுக்க வைத்தேன். ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. டூட்டி டாக்டர் பையன் ஊசி போட்டு ஒரு லிட்டர் நீரை எடுத்துவிட்டான். காலையில் தட்டிப் பார்க்கிறேன், கணீர் என்கிறது. நெசவாளி சிரிக்கிறார்: “இப்பத்தானுங்க நிம்மதியா தூங்குனேன்.” பையன் செய்தது சரியான வைத்தியம். பரீட்சைக்காக அவர் நெஞ்சில் நீரைத் தேக்கி வைக்க நினைத்த நான்தான் வெட்கப்பட்டேன். அதற்கப்புறம் அவசரத்துக்கு வார்டு நோயாளியைத் தொட்டதே இல்லை. ஓ.பி.யில் வருஷக்கணக்காக வந்துபோகிறவர்களின் போன் நம்பர்களை ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்தேன். மையம் என்பதே என்னைக் கேட்டால் அந்த நோட்டுதான்.

சத்தமும் ஒரு பிரச்சினை. இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கினால் கேட்கும் உறுமல் தணிந்த சுருதியில் இருக்கும். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பின் குழிவான பக்கத்தை லேசாக வைத்தால்தான் காதில் விழும். பங்குனியில் கோயிலில் கம்பம் நட்டிருக்கும்போது தெருவெல்லாம் குழாய் ஒலிபெருக்கி. அந்த வாரத்தில் தேதி குறித்தால் தேர்வாளருக்கே ஒன்றும் கேட்காது.

பரீட்சை இங்கிலீஷில். நம் ஆட்களோ “காலு மதமதன்னு இருக்குதுங்க” என்பார்கள். மொழிபெயர்த்த தம்பி ஒருமுறை அதை ‘காலில் பலமில்லை’ என்று சொல்லிவிட்டான். உணர்ச்சி மங்குவது வேறு, பலம் குறைவது வேறு. பரீட்சை எழுதிய பெண் தசை வியாதியைத் தேடிப் போய்விட்டாள். பக்கத்தில் இருந்த உள்ளூர்த் தேர்வாளர் தடுத்துத் திருத்தினார்.

கொங்கு நாட்டில் இது முடியாத காரியமில்லை. பழைய காசநோய்த் தழும்பு விழுந்த நுரையீரலும், சின்ன வயது ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட வால்வும் இங்கே உண்டு. யாராவது நோட்டுப் போட ஆரம்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் அம்மணி அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிடைக்கிற ஊரில் எழுதட்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஏழு திறமைகளுக்குத் தனித்தனி மார்க், ஒவ்வொன்றிலும் தேற வேண்டும். வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்து, ஆனால் வயிற்றை அமுக்கி நோயாளியை அலற வைத்தால் பெயில்.

கேள்வி: எம்.ஆர்.சி.பி. வாங்கிவிட்டால் ஸ்பெஷலிஸ்ட்தானே?
— ஒரு மாணவர், பல்லடம்

பதில்: இல்லை. பிரிட்டனிலேயே அது நடுப்படிதான். ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி அதற்கப்புறம். வெளிநாட்டு டாக்டர்களுக்கு அங்கே வைக்கும் பிளாப் பரீட்சையை எழுதாமல் பதிவு செய்ய உதவும், அது நல்ல லாபம்.

கேள்வி: என் அப்பாவுக்கு வால்வு சுருக்கம். டாக்டர் பரீட்சைக்கு வந்து படுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். போகலாமா? ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: தாராளமாகப் போகட்டும். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. தொடுவார்கள், தட்டுவார்கள், கேட்பார்கள். முதலில் தேர்வாளர்களே அவரைப் பார்த்து, என்னென்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வருவார்கள். அலுப்பாக இருந்தால் நடுவிலேயே போதும் என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைக் கட்டாயம் நிறுத்தக் கூடாது.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் நோட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பரீட்சைக்கு வந்த பையன் வியர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், “வால்வு சுருங்கிப் போச்சுங்க தம்பி, நீங்க வெசனப்படாதீங்க” என்று காதில் சொல்லிவிட்டார். பையனுக்குத் தமிழ் தெரியாது, தேர்வாளருக்குத் தெரியும். அடுத்த முறை அவரைக் கூப்பிடவில்லை.

கழுத்து ரத்தக்குழாயைப் பார்ப்பார்கள், மப்ளர் வேண்டாம். பொத்தான் வைத்த சட்டை போட்டு அனுப்புங்கள்.