அவசர அழைப்பு எடுக்க அனுபவம் போதாதா, சான்றிதழ் எதற்கு?

நீங்கள் ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர், இப்போது பரீட்சை எழுதச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கு வருடம் ஹெட்செட் மாட்டியவனுக்கு மூன்று நாள் வகுப்பா என்று எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது.

அதற்குச் சில மாதம் முன்பு ஓர் இரவு. அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று ஒரு பெண் அழைத்தார். மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குங்க, குறட்டை மாதிரி வருது" என்றார். சரி, மூச்சு இருக்கிறது என்று நினைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு வண்டியை அனுப்பினேன். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிடங்கள் வரும் திணறல். வண்டி போய்ச் சேரும்வரை யாரும் நெஞ்சை அழுத்தவில்லை. அவர் பிழைக்கவில்லை. அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, தெரியும். ஆனால் அழுத்தச் சொல்லாதது நான்தான்.

வகுப்பில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது: "அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் 'இப்போ' என்று சொல்லுங்கள்." இரண்டு 'இப்போ'வுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று பார்த்தால் அது மூச்சா, திணறலா என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான். நான்கு வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

இந்த மாதிரி வரிகளைத் தொகுக்கும் வேலையை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியவர் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர். அவர் வழியில் வந்த, அவசர அழைப்பு எடுப்பவர்களுக்கான சர்வதேச அகாடமியின் சான்றிதழுக்கு 24 மணி நேர வகுப்பு, தேர்வில் 80 சதவீதம், கூடவே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிப் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எழுதி வைத்ததைப் படிக்கக் கிளி போதுமே என்று கீழே யாராவது எழுதுவார்கள். அலறுகிற ஒருவரிடம் அதே வரியை மூன்றாவது தடவை நிதானமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும். சான்றிதழ் வாங்கியும் சொதப்புகிறவர்கள் உண்டு, அதையும் மறுக்கவில்லை.

அப்புறம் ஒன்று. அழைப்புப் பதிவைக் கேட்டு வரிக்கு வரி மதிப்பெண் போடுவார்கள். "பயப்படாதீங்கம்மா" என்று நானாகச் சேர்த்ததற்குக்கூட ஒருமுறை குறைத்தார்கள். போகட்டும். இவ்வளவு தரம் பார்க்கிறவர்கள், பன்னிரண்டு மணி நேரம் நான் உட்காரும் நாற்காலியை ஒரு தடவை வந்து பார்க்கலாம். இடது பக்கம் சாய்கிறது. மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.