ஒரு கூண்டு, மூணு ஃபெரெட், எத்தனை ட்ரே? – கேள்வி பதில்

கேட்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க. ஃபெரெட்னா கீரி மாதிரி நீள உடம்புள்ள, வீட்டில் வளர்க்கற சின்ன மாமிச பட்சிணி. அதுக்குக் குடல் குட்டை. சாப்பிட்டது 3–4 மணி நேரத்தில் வெளியே வந்துடும். தூங்கி எழுந்த 10–15 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை நிச்சயம் கக்கா போகும். பின்பக்கமா நடந்து, மூலையில் முட்டி, வாலைத் தூக்கும். தோண்டி மூடற பழக்கம் கிடையாது. அதனால் லிட்டர் பயிற்சியில், அதாவது ட்ரேயில் போகப் பழக்கறதில், பாதிக்கு மேல் மூலைகளைச் சரி பண்ற வேலைதான். ஒரு கக்காத் துண்டுகூட வெளியே விழக்கூடாதுன்னு நினைக்கறவங்க வேற பிராணி பாருங்க.

ஹாரோ, லண்டன்: அக்கா, எங்களிட்ட மூண்டு ஃபெரெட், ரெண்டு மாடிக் கூண்டு. கீழே ஒரு ட்ரே வச்சிருக்கிறம். மேல்தட்டு முழுக்கக் கக்கா. என்ன பிழை?

ட்ரே கீழே மட்டும் இருக்கறதுதான் பிழை. மேலே தொட்டிலில் தூங்கி எழுந்த ஃபெரெட், அவசரத்துக்கு சரிவுப் பாதையில் இறங்கி வராது. பக்கத்தில் இருக்கற காலி மூலையில் போயிடும். ஃபெரெட் எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டுங்க: மூணுக்கு நாலு ட்ரே. கூண்டுக்குள்ள இடம் பத்தலைன்னா மாடிக்கு ஒண்ணு கட்டாயம், மிச்சம் வெளியே விளையாடற அறையில்.

இப்ப ஒவ்வொரு மாடியிலும் நாலு மூலையை எண்ணுங்க. ஒரு மூலையில் ட்ரே. ஒண்ணில் படுக்கைத் துணி. ஒண்ணில் சாப்பாட்டுக் கிண்ணம், கம்பியோட சேர்த்து மாட்டினது. நாலாவதில் இன்னொரு ட்ரே, இல்லைன்னா அதுகள் படுத்துப் பழகின, துவைக்காத துணி. தூங்கற இடத்திலும் தின்கற இடத்திலும் பெரும்பாலும் போகாது. மூலை எதுவும் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கடையில் விக்கற முக்கோண ட்ரே பெண்ணுக்கு ஒருவேளை போதும். ஒன்றரைக் கிலோ ஆணுக்குப் பத்தாது: முன்கால் ரெண்டும் உள்ளே, பின்பக்கம் விளிம்புக்கு வெளியே. 40 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்க (குட்டிக்கு 3 போதும்). வெட்டின விளிம்பை உப்புத்தாளால் தேய்ங்க. மத்த மூணு பக்கமும் 20 செ.மீ. இருக்கணும், ஏன்னா வாலைத் தூக்கிச் சுவரோட ஒட்டித்தான் போகும். பின்சுவரில் ரெண்டு ஓட்டை போட்டு, போல்ட், பட்டாம்பூச்சி நட்டு வச்சுக் கம்பியோட இறுக்குங்க. இறுக்கலைன்னா ராத்திரியே கவுத்துடும்.

லிட்டர், அதாவது ட்ரேயில் கொட்டற உறிஞ்சுபொருள், 2 செ.மீ. ஆழம் போதும். அதிகமாப் போட்டா மூக்கை உள்ளே விட்டு உழும். காலையும் மாலையும் அள்ளுங்க, வாரம் ஒரு தடவை கழுவுங்க. முதல் ரெண்டு வாரம் ட்ரேயில் ஒரு கக்காத் துண்டை வேணும்னே விட்டு வையுங்க. சுத்தமான ட்ரேயைப் படுக்கைன்னு நினைச்சு உள்ளே தூங்கிடும். எழுந்ததும் கூண்டுக் கதவைத் திறக்காதீங்க. ட்ரேயில் போன பிறகுதான் கதவு.

பர்மிங்ஹாம்: ரெண்டில் ஒண்ணு மட்டும் ட்ரேக்கு வெளியே போகுது. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பழைய ஃபோனை கூண்டுக்கு எதிரே வச்சு ராத்திரி முழுக்கப் பதிவு பண்ணுங்க. பார்க்கும்போது யார் வெளியே போறாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க, அப்போ இன்னொண்ணு எங்கே இருக்குன்னும் பாருங்க. பெரும்பாலும் அதிகாரம் பண்றது ட்ரே வாசலில் படுத்திருக்கும், இல்லைன்னா உள்ளே நுழையறதைக் கழுத்தைக் கடிச்சு இழுக்கும். அப்படின்னா பிரச்சினை வெளியே போறதுகிட்ட இல்லை. ரெண்டாவது ட்ரேயை நேர் எதிர் மூலையில், வாசல் வேற திசை பார்க்கற மாதிரி வையுங்க. ஒரே ஃபெரெட்டால் ரெண்டு வாசலைக் காவல் காக்க முடியாது.

நியூ ஜெர்சி: பூனைக்குப் போடற கட்டியாகற மண் லிட்டர் போடலாமா? வீட்டில் ஒரு மூட்டை மிச்சம் இருக்கு.

போடாதீங்க. ஃபெரெட் போன பிறகு பின்பக்கத்தைத் தரையில் தேய்ச்சு இழுக்கும். அந்த ஈரத்தில் மண் ஒட்டி அங்கேயே இறுகும். மூக்கை விட்டு உழும்போது தூசி மூச்சுக்குழாய்க்குள்ள போகும், நக்கினா வயித்துக்குள்ளயும் போகும். காகித பெல்லட் (காகிதத்தை அழுத்திச் செஞ்ச சின்ன உருளைத் துண்டு) வாங்குங்க. மக்காச்சோளக் கதிர்ச் சக்கை லிட்டரும் வேண்டாம்: ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், தின்னா குடல் அடைக்கும்.

லெஸ்டர்: தப்பான இடத்தில் போனா மூக்கைத் தேய்க்கச் சொல்றாங்களே?

சொன்னவங்ககிட்ட ஆலோசனை கேட்கறதை நிறுத்துங்க. உங்க கையைப் பார்த்தா கடிக்கத்தான் கத்துக்கும். நேரில் பார்த்தா சத்தம் இல்லாம தூக்கி ட்ரேயில் விடுங்க. போய் முடிச்சதுன்னா தரையைத் துடைங்க.

ஸ்கார்பரோ: பரிசு குடுத்தா வேலை செய்யுமா?

செய்யும், அது ட்ரேயை விட்டு இறங்கறதுக்குள்ள குடுத்தா. சால்மன் எண்ணெய் ஒரு சொட்டு, இல்லைன்னா நகம் அளவு வேகவச்ச கோழி. உலர்திராட்சை, பிஸ்கெட், இனிப்பு எதுவும் கூடாது. இது முழு மாமிச பட்சிணி. கணையக் கட்டியால் சர்க்கரை இறங்கற நோய் இந்தப் பிராணியில் ரொம்பச் சாதாரணம். இனிப்பு அதுக்கு எண்ணெய் ஊத்தும். இன்னொண்ணு: ரெண்டு வாரத்தில் உங்களை ஏமாத்தக் கத்துக்கும். ட்ரேக்குள்ள போய், வாலைத் தூக்கி, ஒண்ணும் போகாம இறங்கிவந்து உங்க மூஞ்சியைப் பார்க்கும். லிட்டரைப் பார்த்துட்டுக் குடுங்க.

மெல்பர்ன்: பூனை மண் கொஞ்சமாப் போட்டா?

மேலே நியூ ஜெர்சிக்குச் சொன்னதுதான். கொஞ்சம்னாலும் மண்தான்.

ஹாரோ (மறுபடி): நன்றி அக்கா. காகித பெல்லட் விலை கூட. அடுப்புக்குப் போடுற மர பெல்லட் 15 கிலோ மூட்டை மலிவு. அதைப் போடலாமோ?

ஸ்கார்பரோ: தயவுசெய்து வேண்டாம். பைன் மரம் ஃபெரெட்டுக்கு விஷம். ஈரல் போயிடும். எல்லா இடத்திலயும் எழுதியிருக்கு.

லெஸ்டர்: நாங்க போடறோம், ஒண்ணும் ஆகலை.

ஸ்கார்பரோ: ஒண்ணும் ஆகலைன்னா சரின்னு அர்த்தமா?

ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி. ஸ்கார்பரோ சொல்ற எச்சரிக்கை மரச் சீவலுக்கு, அதாவது கடைசல் சுருளுக்குப் பொருந்தும். பைன், செடார் சீவலில் ஆவியாகற பொருள்கள் அப்படியே இருக்கும். மேற்கத்திய சிவப்பு செடாரில் இருக்கற ப்ளிகேட்டிக் அமிலம் மர ஆலைத் தொழிலாளிகளுக்கே ஆஸ்துமா வரவைக்கும். சோதனைக்கூட எலிகளுக்கு இந்தச் சீவலைப் படுக்கையாப் போட்டப்போ ஈரல் என்சைம் மாறினதும் பதிவான விஷயம். சீவலை எந்த மூலையிலும் போடாதீங்க.

பெல்லட் வேற. மரத்தூளை உலர்த்தி, சூட்டிலயும் அழுத்தத்திலயும் பிழிஞ்சு எடுக்கறாங்க; மரத்தில் இருக்கற லிக்னினே இளகிப் பசையா ஒட்டும். ஆவியாகற பொருளில் பெரும்பகுதி அங்கேயே போயிடுது.

லெஸ்டர், அதுக்காக எந்த மூட்டையானாலும் சரின்னு ஆகாது. பிரிட்டனில் இஎன்பிளஸ் ஏ1 (ENplus A1) என்கிற மர பெல்லட் தர முத்திரை இருக்கறதை வாங்குங்க, அது ரசாயனம் பூசாத மரம். இறைச்சி சுடற பார்பெக்யூ பெல்லட் வேண்டாம், அதில் வாசனை எண்ணெய் சேர்க்கறது உண்டு. பத்த வைக்கறதுக்குன்னு எரிபொருள் தடவினதும் வேண்டாம். குதிரை லாயத்துக்கு விக்கற மர பெல்லட் நல்லது. வாங்கினதும் ஒரு கைப்பிடியை வெந்நீரில் போடுங்க. சில நிமிஷத்தில் உப்பித் தூளாகணும். தண்ணியில் எண்ணெய்ப் படலமோ காரமான வாடையோ வந்தா திருப்பிக் குடுத்துடுங்க.

ஸ்கார்பரோ: தூளான பிறகு அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதா?

இழுக்கும். இதுதான் நீங்க முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மூத்திரம் பட்ட பெல்லட் தூளாகும், ஈரமா இருக்கற வரை பறக்காது, காஞ்சா பறக்கும். அதனால் தினமும் அந்தத் தூளை அள்ளணும். வாரக்கணக்கில் விடறவங்க காகிதத்துக்கே போங்க. காகிதத்துக்கும் குறை உண்டு: அம்மோனியா வாடையை மரம் அளவுக்கு அடக்காது. 12 வாரத்துக்கு உள்பட்ட குட்டி எதுவானாலும் கடிச்சுப் பார்க்கும், முழுங்குதான்னு கவனிங்க.

லெஸ்டர்: அப்போ நான் சொன்னது சரிதானே?

தினமும் அள்ளறீங்கன்னா. அடுத்த கேள்வி.

பர்மிங்ஹாம்: புதுசா ஒரு ஃபெரெட் வருது. பழசோட கக்காவை அதோட ட்ரேயில் வச்சா சீக்கிரம் பழகுமா?

பழகும், ஆனா உடனே வேண்டாம். முதல் 14 நாள் வேற அறை, வேற ட்ரே, வேற கரண்டி. கொரோனா வகை வைரஸ் ஒண்ணு ஃபெரெட்டில் பச்சைப் பேதி வரவைக்கும். தேறின பிறகும் பல மாதம் கக்காவில் வெளியேறும். குட்டிக்கு லேசா வந்து போயிடும், வீட்டில் இருக்கற கிழட்டு ஃபெரெட்டைத்தான் படுத்தும். 14 நாள் பேதி இல்லாமப் போனா முதலில் துணியை மாத்திப் போடுங்க, அப்புறம் கக்கா, கடைசியா ஒரே கூண்டு. சேர்க்கற அன்னைக்கு ட்ரே ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்.

சான் ஹோசே: எந்த ட்ரே வாங்கலாம்?

கலிஃபோர்னியாவில் ஃபெரெட் வளர்க்கத் தடை. முதலில் அதைப் பாருங்க.

சென்னை: ஃபெரெட் வாங்கலாம்னு இருக்கேன். ஏசி இருக்கு. இல்லைன்னா கீரிப்பிள்ளை?

27 டிகிரிக்கு மேலேயே தவிக்க ஆரம்பிக்கற பிராணி இது. மே மாசம் கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? கீரிப்பிள்ளை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருது, வளர்க்கக்கூடாது.

மெல்பர்ன்: அஞ்சு வயசு ஆண், கருத்தடை பண்ணினது. ரெண்டு வருஷமா ஒழுங்கா ட்ரேயில் போனவன். இப்ப எல்லா இடத்திலும் சொட்டு சொட்டா. திரும்பப் பயிற்சி குடுக்கணுமா?

பயிற்சியை விடுங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. முக்கி முக்கி சொட்டு சொட்டா வந்தா, அட்ரினல் (சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கற சுரப்பி) நோயில் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரக் குழாயை அழுத்துதுன்னு சந்தேகப்படணும். முழுசா அடைச்சா நாள் கணக்கில் காத்திருக்க முடியாது. வாலில் முடி கொட்டியிருக்கா பாருங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்: நல்லாப் பழகின ஃபெரெட் திடீர்னு ட்ரேயை விட்டா, ட்ரேயைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி உடம்பைச் சந்தேகப்படுங்க. தார் மாதிரி கறுப்பாப் போனாலும், பின்கால் இழுத்தாலும் அதேதான்.

ஸ்கார்பரோ: கருத்தடை பண்ணாத ஆண் சுவரெல்லாம் தேய்க்குது.

இனச்சேர்க்கைப் பருவத்தில் அப்படித்தான் இருக்கும், வாடையால் எல்லை குறிக்குது. ட்ரே எத்தனை வச்சாலும் நிக்காது. டெஸ்லோரெலின் இம்ப்ளான்ட் (ஹார்மோனை அடக்கத் தோலுக்கு அடியில் வைக்கற மருந்து) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

டெர்பி: வாசனை வராத பூனை லிட்டர் ஒண்ணு கடையில் பார்த்தேன், கட்டியாகற வகை...

இல்லை.

ஹாரோ: கூண்டுக்கு வெளியே விட்டா எல்லாம் மறந்து போகுது அக்கா. சோஃபாவுக்குப் பின்னால போய் நிக்குது.

மறக்கலை, ட்ரே தூரமா இருக்கு. முழு வீட்டையும் ஒரே நாளில் திறந்துவிடாதீங்க. ஒரு அறை, அங்கே ரெண்டு ட்ரே. ஒரு வாரம் சரியாப் போனா அடுத்த அறை. சோஃபாவுக்குப் பின்னாடிதான்னு அது முடிவு பண்ணிட்டா அங்கேயே ட்ரே வையுங்க. வேற மூலைக்கு மாத்தணும்னா பழைய இடத்தை என்சைம் கிளீனரால் துடைச்சு, காயவிட்டு, சாப்பாட்டுக் கிண்ணத்தை அங்கே வையுங்க. அம்மோனியா கலந்த திரவம் போடாதீங்க, ஃபெரெட்டுக்கு அது மூத்திர வாடைதான். அரை மணிக்கு ஒரு தடவை தூக்கி ட்ரேயில் விடுங்க. ட்ரேக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒண்ணு போட்டுக்குங்க, ஆண் ஃபெரெட்னா கண்டிப்பா குறி தவறும்.