பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, வாசித்துக் கொடுப்பவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டைக்காரி. வேலை முடிந்து வந்து ராத்திரி கொஞ்ச நேரம், ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக, தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஓசிஆர் (படத்தில் இருக்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டு, வருகிற எழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். இதில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம், கூடப் படிக்கிற ஆட்கள். நான் படித்த அதே புத்தகத்தை அதே வாரத்தில் படித்துவிட்டு என்னோடு சண்டை போடும் மனிதர்கள் இதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல்தான் அவருக்குப் பார்வை போனது. அலமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று இன்றைக்கும் சொல்வார், ஆனால் யாராவது உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு. மகனுக்குக் கடை, பேத்திக்குப் பள்ளிக்கூடப் பாடம். அவர்களுக்கு நேரம் கிடைக்கிறபோது, அவர்களுக்குப் பொறுமை இருக்கிற வரைக்கும்தான் படிப்பு. அப்படியே வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. நாங்கள் ஒரு நாவலை முடித்து அனுப்பிய பிறகு போன் செய்தார். "நல்லா இருந்துச்சும்மா, ஆனா அந்தக் கடைசி அத்தியாயம் எதுக்கு? அதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சு போச்சுல்லா" என்றார். எனக்கோ அந்தக் கடைசி அத்தியாயம்தான் உயிர். நன்றி என்ற பேச்சே எழவில்லை, ரொம்ப நேரம் வாதாடினோம், அந்த ராத்திரி முழுக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இப்போது தூக்கம் வராவிட்டால் நடுராத்திரி இரண்டு மணிக்குக்கூட யாரையும் எழுப்பாமல் போனில் படிக்கிறார். பிடிக்காத புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிடுகிறார். யாரோ சிரமப்பட்டு வாசிக்கும்போது "போதும், நிறுத்து" என்று சொல்ல முடியாதே, இப்போது சொல்ல முடிகிறது.

எங்கள் ஊருக்கு இது புதிய சங்கதியும் இல்லை. ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கியது 1890-ல், நாட்டின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளில் அதுவும் ஒன்று. வெள்ளைக் கோலோடு பஸ் ஏறுகிற பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தோம். பார்த்தோமே தவிர, அவர்கள் என்ன படிக்கிறார்கள், எதில் படிக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பிரெயில் பாடப்புத்தகம் இருக்கும், சரி. அச்சில் ஒரு பக்கம் என்றால் பிரெயிலில் இரண்டு மூன்று பக்கம் ஆகும், ஒரு நாவலே பல தொகுதியாகிவிடும், கதை கட்டுரை என்று ஆசைக்குப் படிக்க எத்தனை பிரெயிலில் வந்துவிடப் போகிறது? இன்றைக்கு நிலைமை மாறியிருப்பதற்குக் காரணம் போன்தான். ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இலவசமாக என்விடிஏ இருக்கிறது, இரண்டுமே திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள். எழுத்து எழுத்தாக இருந்தால் அவை தமிழையும் வாசித்துவிடும்.

அந்த "எழுத்து எழுத்தாக இருந்தால்" என்பதில்தான் நம் வேலையே இருக்கிறது. வாட்ஸாப்பில் சுற்றுகிற பிடிஎஃப்களில் பாதிக்கு மேல் பக்கத்தைப் படம் பிடித்தவைதான், ஸ்கிரீன் ரீடருக்கு அதில் ஒன்றுமே இல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொடுத்தால் அதற்குப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஆகவே ஓசிஆர், அதற்கு அப்புறம் மனிதக் கண். ஓசிஆர் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பழைய அச்சில் துணைக்காலும் ர-வும் ஒன்று போலவே இருக்கும். "மாணவர்" என்பது "மரணவர்" என்று வந்து நிற்கும். புள்ளி விழுந்துவிடும். பக்க எண்ணும் தலைப்பும் ஒரு வாக்கியத்தின் நடுவில் புகுந்து கொள்ளும். "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ள உட்கார்ந்திருந்தால் நம் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, காதில் மட்டும் "கெ-ள-ரவம்" என்று விழும். அதனால் நான் கடைசியில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு என்விடிஏவில் கேட்டுப் பார்க்கிறேன். இப்படி எழுத்தெழுத்தாகப் போனால் நாம் வேகமாகப் புரட்டித் தள்ளும் பத்திகள்கூட நின்று பேசும். ஒரு எழுத்தாளர் எங்கே கமா போடுகிறார், எந்த வார்த்தையை இரண்டாம் தடவை சொல்லாமல் தவிர்க்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

நெல்லைக் கதைகள் என்றால் இன்னும் விசேஷம். "வந்தாவ", "சொல்லுதாவ", "எங்கன போறிய" என்று வருவதையெல்லாம் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அதை அப்படியே விட வேண்டும், எழுதியவர் எழுதியதுதான் சட்டம். எழுத்துநடைக்கு மாற்றிவிட்டால் நம் ஊரையே புத்தகத்திலிருந்து வெளியேற்றியது போல் ஆகிவிடும். இயந்திரக் குரலில் "என்னலே" என்று கேட்டுவிட்டு, முதுகலை படிக்கிற பார்வையற்ற தம்பி ஒருவன் "யக்கா, ரோபோவுக்கு நம்ம ஊரு பேச்சு வந்துட்டு" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தத் தம்பிக்காகச் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். போட்டித் தேர்வுக்கான புவியியல் புத்தகம், அதில் தாமிரபரணிக்கு ஒரு வரைபடம். "இங்கே ஒரு படம் உள்ளது" என்று எழுதினால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? உட்கார்ந்து எழுதினேன்: மேற்கே பொதிகையில் பிறக்கிறது, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கிழக்கே போய்ப் புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது, தெற்கே இருந்து மணிமுத்தாறும் பச்சையாறும், வடக்கே இருந்து கடனாநதியும் சிற்றாறும் வந்து கலக்கின்றன, சிற்றாறு வந்து சேரும் இடம் சீவலப்பேரி. கொக்கிரகுளம் பாலத்தில் தினமும் அந்த ஆற்றைக் கடக்கிறவள் நான். எந்த ஆறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை. அவன் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ வலது கரையில ரெண்டு, இடது கரையில ரெண்டு, சரியாக்கா?" என்றான். படத்தைப் பார்க்கிற பலருக்கு அது தோன்றியிருக்காது.

சட்டப்படி இது சரியா என்று கேட்பவர்களுக்கு: சரிதான். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவுக்கு நூல்களை லாப நோக்கமில்லாமல் மாற்ற 52-வது பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. உலக அளவில், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-ல் கையெழுத்தாகி, மறு வருஷம் ஜூனில் அதை முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது, பதிவு செய்துகொண்ட பார்வையற்றவர்கள் அதிலிருந்து எடுத்துப் படிக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம்: இந்தக் கோப்புகள் அவர்களுக்கு மட்டும்தான். நண்பர்களின் குரூப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது.

குரலில் பதிவு செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கவிதைக்கும் சிறுகதைக்கும் மனிதக் குரல்தான் நல்லது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் மே மாதத்து நெல்லையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, பக்கத்தில் கோயில் கொடை என்றால் மைக் செட் கழற்றுகிற வரைக்கும் பதிவு கிடையாது. பாடப்புத்தகத்துக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்துக் கோப்பையே கேட்கிறார்கள். வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஒரு சொல்லைத் தேடலாம், எழுத்துக்கூட்டியும் கேட்கலாம்.

செய்ய நினைக்கிறவர்கள் பெரிய திட்டமெல்லாம் போட வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர் ஒருவரைத் தேடிப் போய், இந்த செமஸ்டரில் எந்தப் புத்தகம் கையில் இல்லை என்று கேளுங்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே இருக்கிறது. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னாலாவது முடித்துக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் வரும் கோப்பால் அவர்களுக்குப் பயன் இல்லை. முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பி, காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு மிச்சத்தைச் செய்யுங்கள்.