யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் 185 கிலோமீற்றர் மட்டில். அட்டவணையில் ஒரு மணித்தியாலம் என்று போட்டிருப்பார்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியில் சக்கரம் எழும்பியதிலிருந்து திருச்சியில் தரை தொடும்வரை நான் மணிக்கூட்டில் பார்த்தது 43 நிமிடம்.

வயதான ஆரையோ கூட்டிக்கொண்டு போகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2016இல் என் தம்பிக்குத் திருச்சியில் கலியாணம். அவன் வெளிநாட்டில் அகதியாக இருந்தவன், ஊருக்கு வர ஏலாது. அம்மாவுக்கு அப்போது 69 வயது, முழங்கால் வருத்தம் வேறு. பின்னேரம் ஏழரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். அப்போது பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் இல்லை; கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்குத்தான் போகவேண்டும், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். விடியப்புறம் இறங்கும்போது அம்மாவின் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. பிறகு காத்திருப்பு. பிறகு வந்த வழியே வடக்கே இன்னொரு 400 கிலோமீற்றருக்கு மேல் பறப்பு. 185 கிலோமீற்றரில் இருக்கிற ஊருக்கு 800 கிலோமீற்றர் சுற்று! "திருச்சி ரேடியோ எங்கட முத்தத்தில தெளிவாக் கேக்கும். அந்த ஊருக்குப் போக எங்களுக்கு ஒரு நாள் வேணுமே?" என்று அம்மா கேட்டா. தாலி கட்டும்போது அவவால் எழும்பி நிற்க முடியவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

1947இலேயே இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அதாவது இந்த வழி புதிதில்லை, எங்களிடமிருந்து பறிபோன வழி. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தது, சென்னைச் சேவை தொடங்கியது, கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. திருச்சிக்கு நேரே பறக்க 2025 மார்ச் 30 ஆனது.

கொழும்பால் போனால் டிக்கெட் மலிவு என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இருக்கலாம். பஸ் காசையும், சாப்பாட்டையும், ஒரு இரவு நித்திரையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்த வழியில் பறக்கிற காற்றாடி (புரொப்பெல்லர்) விமானம் ஆபத்து என்பவர்களுக்கும் ஒரு சொல்: பலாலி ஓடுபாதை 1,400 மீற்றர்தான். அந்த நீளத்தில் ஏறி இறங்கத் தோதானது ஏடிஆர் 72 என்ற அந்தக் காற்றாடி விமானம். பயப்பட ஒன்றுமில்லை.

போன வருசம் தம்பியின் பிள்ளைக்குச் சமயபுரத்தில் காதுகுத்து. இந்த முறை பலாலியால் போனோம். கடல் முடிந்து அதிராம்பட்டினப் பக்கம் கரை தெரிந்தபோது அம்மா என் கையைப் பிடித்தா, ஒன்றும் கதைக்கவில்லை.

திருச்சியில் தங்கின விடுதியில் வரவேற்பில் இருந்த பிள்ளை நான் வாய் திறந்த உடனே "நீங்க மலையாளமா?" என்று கேட்டாள். 2016இலும் இதே கேள்விதான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் 43 நிமிடத் தூரத்தில் பேசுகிற தமிழை இன்னும் அடையாளம் தெரியாமல் இருப்பது மனதுக்கு நோகிறது.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதியுங்கள். ஏடிஆரில் பின்கதவுப் படியால்தான் ஏறவேண்டும். படி குறைவு, ஆனால் ஒடுக்கம். முழங்கால் ஏலாதவர்களுக்குப் பின்னால் ஒருவர் நிற்கவேண்டும்.